பாதாளச் சாக்கடைக்கு யார், எப்போது பணம் கட்டுவது? சென்னை நடந்து பார்த்த வழிகள்

2011 அக்டோபரில் சென்னை மாநகராட்சி 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 சதுர கிலோமீட்டராக விரிந்தது. 9 நகராட்சிகள், 8 பேரூராட்சிகள், 25 ஊராட்சிகள் என 42 உள்ளாட்சிகள் அதோடு இணைந்தன. வார்டுகள் 155இலிருந்து 200 ஆயின. அம்பத்தூரும் மணலியும் மடிப்பாக்கமும் சோழிங்கநல்லூரும் ஒரே நாளில் சென்னையாகிவிட்டன. வரி ரசீதின் தலைப்பு மாறியது. தெருவுக்கு அடியில் ஓட வேண்டிய குழாய் மட்டும் எல்லா இடத்துக்கும் அதே வேகத்தில் வரவில்லை. விடுபட்ட தெருக்களில் இன்றும் செப்டிக் டேங்க்தான், லாரிதான். அடுக்ககங்களின் மாதப் பராமரிப்புக் கணக்கில் கழிவுநீர் லாரிக்கென்று தனியாக ஒரு செலவு ஏறுகிறது. தனி வீட்டுக்காரர் டேங்க் நிரம்பி வாசலுக்கு வந்த பிறகு போன் செய்கிறார். ஐப்பசியில் நிலத்தடி நீர் மேலே வந்தால் எந்த டேங்கும் தாங்காது. வீட்டுக் கிணற்றுக்கும் கழிவுக்கும் இடையே நிற்பது சில அடி மண்தான்.

பாதாளச் சாக்கடை வேண்டுமா என்று இந்தப் பகுதிகளில் யாரும் கேட்பதில்லை. பணம் எங்கிருந்து என்பதில்தான் பேச்சு நின்றுவிடுகிறது. சென்னை இதற்கு வெளியூர் உதாரணம் தேட வேண்டியதில்லை. பொது வசதி கட்டப் பணம் திரட்டும் வழிகளில் ஏறக்குறைய எல்லாவற்றையும் இந்த ஊர் கடந்த முப்பது ஆண்டுகளில் ஒரு முறையாவது செய்து பார்த்துவிட்டது. அவற்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும் என்பதே இந்தக் கட்டுரையின் நோக்கம்.

முதலில் பொறுப்பு யாருடையது என்பதைத் தெளிவாக்கிக்கொள்வோம். மழைநீர் வடிகால் மாநகராட்சியின் வேலை. கழிவுநீர், 1978ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த சென்னைக் குடிநீர் வாரியத்தின் வேலை. சொத்து வரி மாநகராட்சிக்குப் போகிறது. சொத்தின் ஆண்டு மதிப்பில் 7 சதவீதமாக வசூலாகும் குடிநீர், கழிவுநீர் வரியும் மாதக் கட்டணமும் வாரியத்துக்குப் போகின்றன. இந்தப் பிரிவினை வெறும் அலுவலக ஏற்பாடு போலத் தோன்றும். கடன் வாங்கும் கட்டத்தில் இதுவே பெரிய விஷயமாகிவிடும்.

ஒரு கணக்கு வைத்துக்கொள்வோம். எண்கள் கற்பனைதான், ஆனால் விகிதங்களைப் புரிந்துகொள்ள உதவும். 10,000 வீடுகள் உள்ள ஒரு பகுதி. குழாய், கழிவுநீரேற்று நிலையம், இணைப்பு எல்லாம் சேர்த்து 100 கோடி ரூபாய். வீட்டுக்கு ஒரு லட்சம் என்று ஆகிறது. மொத்தத்தையும் முன்பணமாகக் கேட்டால் பாதி வீடுகள் கையை விரித்துவிடும். அதே 100 கோடியை 8 சதவீத வட்டியில் 20 ஆண்டுக் கடனாக வாங்கினால் வீட்டுக்கு மாதம் சுமார் 850 ரூபாய். வட்டி அதேதான், தவணை மட்டும் 10 ஆண்டு என்றால் மாதம் 1,240. தனியார் நிறுவனம் தன் பணத்தைப் போட்டு 12 சதவீத வருவாய் எதிர்பார்த்தால், 20 ஆண்டுக்கு மாதம் ஏறக்குறைய 1,115 ரூபாய். கடனின் காலம் பாதியானபோது சுமை எவ்வளவு ஏறியது என்று பாருங்கள். வட்டி நான்கு சதவீதம் கூடியதைவிட அது அதிகம். ஐம்பது ஆண்டு நிற்கும் குழாய்க்குப் பத்தாண்டுக் கடன் வாங்குவது, பேரன் காலம் வரை நிற்கும் வீட்டுக்கு இரண்டு வருடத் தவணையில் கடன் வாங்குவது போல. கட்ட முடிந்தவர் கட்டுவார், முடியாதவருக்கு வீடே இருக்காது.

ஆனால் மாதத் தவணை மட்டும் முடிவைத் தீர்மானிக்கக் கூடாது. திட்டம் கோணலானால் இழப்பு யார் தலையில் விழும், அதைத் திருத்தச் சொல்லும் அதிகாரம் யாரிடம் இருக்கும் என்பதும் ஒவ்வொரு வழியிலும் வேறுவேறு.

மானியம்

மக்களுக்குப் பிடித்த வழி இது. அரசியல்வாதிக்கும் பிடித்த வழி. திருப்பிக் கட்ட வேண்டாம். நெம்மேலியில் 2013இல் திறக்கப்பட்ட நாளுக்கு 10 கோடி லிட்டர் கடல்நீர்க் குடிநீர் ஆலை ஒன்றிய அரசின் மானியத்தில் வந்தது. நிலையம் வாரியத்தின் சொத்து, இயக்க மட்டும் ஒப்பந்ததாரர். இதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது, கிடைக்கும் வரை.

கிடைக்கும் வரை என்பதில்தான் சிக்கல். 2005இல் தொடங்கிய ஜவாஹர்லால் நேரு நகர்ப்புறப் புனரமைப்புத் திட்டத்தில் சென்னை போன்ற பெருநகருக்கு ஒன்றிய அரசு தந்த பங்கு 35 சதவீதம், மாநிலம் 15, மீதிப் பாதியை உள்ளூர் அமைப்பே திரட்ட வேண்டும். 2021இல் வந்த அம்ருத் 2.0 என்ற ஒன்றிய அரசின் நகர்க் குடிநீர், கழிவுநீர்த் திட்டத்தில் பத்து லட்சத்துக்கு மேல் மக்கள் உள்ள நகரங்களுக்கு ஒன்றியப் பங்கு 25 சதவீதமாகிவிட்டது. முழு மானியம் என்பது இப்போது விதிவிலக்கு. கால் பங்கு மானியத்தைக் காட்டி முக்கால் பங்குக்கு வழி சொல்லாமல் பூமி பூஜை போட்டால், தெருவைத் தோண்டிப் போட்டுவிட்டு நிற்கும் நிலைதான் வரும். மானியம் கிடைத்தால் வாங்க வேண்டும், அதற்காகக் காத்திருக்கக் கூடாது என்பது என் கருத்து. ஒவ்வொரு ஆண்டு காத்திருப்புக்கும் ஒரு விலை உண்டு. அதைச் செப்டிக் டேங்கில் இறக்கப்படும் மனிதர்கள் உயிரால் கட்டுகிறார்கள். 2013இல் சட்டம் தடை செய்த வேலை அது. ஆபத்தான வேலை என்று தெரிந்தே இன்னும் ஆட்கள் இறக்கப்படுகிறார்கள். எந்த நிதி அறிக்கையிலும் அந்தக் கணக்கு வருவதில்லை.

தனியார் முதலீடு: மீஞ்சூரில் கற்றது

மீஞ்சூர் அருகே காட்டுப்பள்ளியில் 2010இல் திறந்த கடல்நீர்க் குடிநீர் ஆலையும் நெம்மேலியைப் போலவே நாளுக்கு 10 கோடி லிட்டர். ஒரே கடற்கரை, ஒரே தொழில்நுட்பம், நிதி ஏற்பாடு மட்டும் நேர் எதிர். ஐதராபாத்தின் ஐவிஆர்சிஎல் நிறுவனமும் ஸ்பெயினின் பெஃபேசாவும் சேர்ந்து அமைத்த நிறுவனம் தன் பணத்தில் கட்டியது. 25 ஆண்டுகளுக்குத் தண்ணீரைக் குடிநீர் வாரியம் வாங்கிக்கொள்ள வேண்டும். ஒப்பந்த விலை ஆயிரம் லிட்டருக்கு 48 ரூபாய் 66 காசு. முழு அளவு வாங்கினால் நாளுக்கு 48 லட்சத்துக்கு மேல், ஆண்டுக்குச் சுமார் 177 கோடி ரூபாய்.

இதன் நியாயத்தை மறைக்கக் கூடாது. வாரியத்தின் கையில் முதலீட்டுப் பணம் இல்லாத காலத்தில் ஆலை எழுந்தது. 2019 கோடையில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஏரிகள் வறண்டு நகரமே குடத்தோடு வரிசையில் நின்றபோது, மழையை நம்பாத தண்ணீர் என்று மீஞ்சூரும் நெம்மேலியும்தான் இருந்தன. அந்த மாதங்களில் 48 ரூபாய் யாருக்கும் அதிகமாகத் தெரியவில்லை.

மறுபக்கம் இது. ஏரிகள் நிரம்பி வழியும் ஆண்டிலும் ஒப்பந்தம் அதேதான். மழை பெய்தால் தண்ணீரின் தேவை குறையும், கட்ட வேண்டிய தொகை அப்படிக் குறையாது. தேவை குறைவதால் வரும் நட்டத்தைத் தனியார் ஏற்றுக்கொள்வார் என்றுதான் பொதுவாக இந்த முறையை விற்கிறார்கள். மீஞ்சூரில் அந்த நட்டம் வாரியத்திடமே தங்கிவிட்டது. இன்னொன்று, நிறுவனங்களின் உடல்நிலை. பெஃபேசா நீர்ப் பிரிவைத் தன் குடையின் கீழ் வைத்திருந்த அபெங்கோவா 2015 இறுதியில் கடன்காரர்களிடமிருந்து பாதுகாப்புக் கேட்டு நீதிமன்றம் போனது. ஐவிஆர்சிஎல் 2018இல் திவால் நடவடிக்கைக்குள் வந்தது. 25 ஆண்டுக் கல்யாணத்தில் பத்தாவது ஆண்டுக்குள் மாப்பிள்ளை வீட்டார் இருவருமே நொடித்துப் போனார்கள். ஆலை நகரத்துக்குத் தேவை என்பதால், அதைச் சுற்றி எந்தத் தகராறு வந்தாலும் கவலைப்பட வேண்டியது நாம்தான்.

பாதாளச் சாக்கடைக்கு இது எப்படிப் பொருந்தும்? குழாய் வலையமைப்புக்கு அறவே பொருந்தாது. ஒரு தெருவில் எத்தனை வீடு இணைப்பு வாங்கும், எத்தனை வீடு கட்டணம் கட்டும் என்பது எந்த நிறுவனத்தின் கையிலும் இல்லை. அந்த ஆபத்தை ஏற்கச் சொன்னால் விலையில் ஏற்றிவிடுவார்கள், இல்லையென்றால் குறைந்தபட்ச உத்தரவாதம் கேட்பார்கள். சுத்திகரிப்பு நிலையம் வேறு கதை. அது ஒரே இடத்தில் சுவருக்குள் இருக்கும் தொழிற்சாலை. உள்ளே வரும் கழிவும் வெளியே போகும் நீரும் அளக்கக்கூடியவை. கட்டி இயக்கும் திறமையைத் தனியாரிடம் வாங்கலாம். பணத்தை மட்டும் நாமே போட வேண்டும், ஏனென்றால் அரசு அமைப்புக்கு எந்த நாளும் தனியாரைவிடக் குறைந்த வட்டியில் கடன் கிடைக்கும்.

பயன்படுத்துவோரிடம் கட்டணம் வாங்கும் முறைக்கும் இதே ஊரில் இரண்டு பாடங்கள் உண்டு. ராஜீவ் காந்தி சாலையில் ஆறு வழிப் பாதை போட்டதும் சுங்கச் சாவடிகள் வந்தன. சாலைக்கு இருபுறமும் குடியிருந்தவர்கள், காய்கறி வாங்கப் போகவும் சுங்கமா என்று ஆண்டுக்கணக்காகக் கேட்டார்கள். 2021 ஆகஸ்டு இறுதியில் பெருங்குடி, துரைப்பாக்கம் உள்ளிட்ட நகர்ப் பகுதிச் சாவடிகளில் வசூல் நின்றது. 2024இல் மாநகராட்சியின் செயற்கைப் புல் கால்பந்துத் திடல்களைத் தனியாரிடம் விட்டு ஒருவருக்கு மணிக்கு 120 ரூபாய் வாங்கலாம் என்று மாமன்றம் தீர்மானித்தபோது, எதிர்ப்பு எழுந்த வேகத்தில் அது திரும்பப் பெறப்பட்டது. மக்கள் கட்டணமே கட்ட மாட்டார்கள் என்று இதிலிருந்து முடிவு கட்டுகிறவர்கள் உண்டு. நான் அப்படிப் பார்க்கவில்லை. இரண்டிலும் கேட்காமல் முடிவெடுத்துவிட்டு வசூலிக்க வந்தார்கள். கேட்டுவிட்டு வந்தால் என்ன நடக்கும் என்பதற்கு ஆலந்தூர் இருக்கிறது.

ஆலந்தூர்

இன்று மாநகராட்சியின் 12ஆவது மண்டலமாக இருக்கும் ஆலந்தூர், 2011 வரை தனி நகராட்சி. ஒன்றரை லட்சம் பேர் வாழ்ந்த ஊர். 1990களின் பிற்பகுதி வரை அங்கே பாதாளச் சாக்கடை கிடையாது. திட்டத்தின் செலவு நகராட்சியின் சக்திக்கு மீறியது. நகராட்சித் தலைவராக இருந்த ஆர்.எஸ். பாரதி ஒரு விஷயத்தை வெளிப்படையாகச் சொன்னார்: இணைப்பு வேண்டுமென்றால் வேலை தொடங்கும் முன்பே வீட்டுக்கு 5,000 ரூபாய் வைப்புத்தொகை, கடைகளுக்கும் நிறுவனங்களுக்கும் 10,000. அதற்குப் பிறகு மாதக் கட்டணம் வேறு. அன்றைய 5,000 ரூபாய் பல குடும்பங்களுக்கு ஒரு மாதச் சம்பளத்துக்கு மேல். ஒரு குழாயும் பதிக்காத நிலையில், ஒரு நகராட்சியை நம்பி, அவ்வளவு பணம்.

கட்டினார்கள். ஒரே நாளில் அல்ல. குடியிருப்போர் சங்கங்களோடு தெருத்தெருவாகப் பேச்சு நடந்தது. எவ்வளவு கட்ட முடியும் என்று முன்கூட்டியே வீடுகளில் கணக்கெடுத்தார்கள். மக்கள் பணம் வந்து சேர்ந்ததைக் காட்டித்தான் தமிழ்நாடு நகர்ப்புற வளர்ச்சி நிதியத்திடமும் மாநில அரசின் நகர்ப்புற நிதி நிறுவனமான டுஃபிட்கோவிடமும் கடனும் மானியமும் பெற முடிந்தது. குழாய் வலையமைப்பை நகராட்சி ஒப்பந்தம் விட்டுக் கட்டியது. நாளுக்கு 1.2 கோடி லிட்டர் கொண்ட சுத்திகரிப்பு நிலையத்தை மட்டும் தனியார் கட்டி, இயக்கி, பிறகு ஒப்படைக்கும் முறையில் விட்டார்கள். 2001இல் மாநிலத்தில் ஆட்சி மாறியது. திட்டம் நிற்கவில்லை. ஆயிரக்கணக்கான வீட்டுக்காரர்களின் கையில் ரசீது இருக்கும் திட்டத்தை எந்த ஆட்சி வந்தாலும் எளிதில் கைவிட முடியாது.

இந்த உதாரணத்தில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது தொகை அல்ல, வரிசை. முதலில் கேள்வி, பிறகு பணம், பிறகு கடன், கடைசியில் தோண்டல். சென்னையில் இப்போது பல திட்டங்களில் இது தலைகீழ்: முதலில் தோண்டல், பிறகு மற்றதெல்லாம்.

ஆலந்தூரை அப்படியே எல்லா இடத்துக்கும் பெயர்த்து வைக்க முடியாது என்பதற்கும் காரணங்கள் இருக்கின்றன. அது நடுத்தர வர்க்கம் அதிகமாக வாழ்ந்த, சங்கங்கள் வலுவாக இருந்த ஊர். மணலியிலோ எண்ணூரை ஒட்டிய பகுதிகளிலோ எல்லா வீட்டிலும் ஒரே தொகை கேட்பது அநியாயம். அதைவிட ஆழமான எதிர்ப்பும் ஒன்று உண்டு, அதை நான் மதிக்கிறேன். மயிலாப்பூருக்கும் ஜார்ஜ் டவுனுக்கும் சாக்கடைக் குழாய் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே பொதுப் பணத்தில் வந்தது. அங்குள்ளவர்களின் தாத்தாக்கள் யாரும் வைப்புத்தொகை கட்டவில்லை. தாமதமாகச் சேர்க்கப்பட்ட பகுதி மட்டும் ஏன் கையிலிருந்து கட்ட வேண்டும்? அதுவும் வரி கட்டிக்கொண்டே?

இதற்கு நேர்மையான பதில், முழுச் செலவையும் அவர்கள் கட்டக் கூடாது என்பதுதான். பழைய நகரமும் ஒரு பங்கு சுமக்க வேண்டும். அந்தப் பங்கு வாரியத்தின் பொது வருவாயிலிருந்து கடன் தவணையாக வரலாம். வைப்புத்தொகையின் வேலை செலவை ஈடுகட்டுவது அல்ல. குடியிருப்பவருக்குத் திட்டத்தில் கேள்வி கேட்கும் உரிமையைக் கொடுப்பதுதான்.

கடன் வாங்கும் விதங்கள்

பேரூரில் எழும் நாளுக்கு 40 கோடி லிட்டர் கடல்நீர்க் குடிநீர் ஆலைக்கு 4,276 கோடி ரூபாய். ஜப்பான் அரசின் உதவி முகமையான ஜைக்காவின் கடன். நெம்மேலியில் 2024இல் திறந்த 15 கோடி லிட்டர் இரண்டாம் ஆலைக்கு ஜெர்மனியின் அரசு வங்கியான கேஎஃப்டபிள்யூவின் கடன். கொசஸ்தலையாற்று வடிநிலத்தின் மழைநீர் வடிகால்களுக்கு ஆசிய வளர்ச்சி வங்கி. வட்டி குறைவு, தவணை நீளம். ஆனால் கடன் அந்நியச் செலாவணியில், வருமானம் ரூபாயில். ஒன்றிய அரசு, மாநில அரசு, வாரியம் என்று மூன்று படி இறங்கித்தான் பணம் வரும். ஆயிரம் கோடிக்கு மேல் போகும் ஒற்றைப் பெரிய நிலையத்துக்கு அந்த உழைப்பு தகும். நூறு கோடி ரூபாய்ச் சாக்கடைத் திட்டத்துக்கு அதைத் தேடிப் போவது வீண் தாமதம்.

அடுத்தது கடன் பத்திரம். 2025 மே மாதம் மாநகராட்சி 200 கோடி ரூபாய்க்குப் பத்திரம் வெளியிட்டுத் தேசியப் பங்குச் சந்தையில் பட்டியலிட்டது. வட்டி 7.97 சதவீதம், காலம் 10 ஆண்டு. கொடுங்கையூர் குப்பைக் கிடங்கை அகழ்ந்து பிரித்து நிலத்தை மீட்கும் பணிக்கு. அசல் முழுதாக நிற்கும் ஆண்டுகளில் வட்டி மட்டும் சுமார் 16 கோடி. முதல் முறை பத்திரம் வெளியிடும் நகரத்துக்கு ஒன்றிய அரசு 100 கோடிக்கு 13 கோடி வீதம், 26 கோடி வரை ஊக்கத்தொகை தருகிறது. 200 கோடி என்ற எண் அந்த வரம்போடு சரியாகப் பொருந்துவதைக் கவனிக்கலாம். அகமதாபாத் 1998இலேயே மாநில உத்தரவாதம் இல்லாமல் 100 கோடி திரட்டிய பாதை இது. 1688 முதல் இயங்கும், நாட்டின் மிகப் பழைய மாநகராட்சி இப்போது அங்கே வந்திருக்கிறது.

பத்திரத்தின் நல்ல பக்கத்தைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். சந்தையில் கடன் கேட்பவர் கணக்கைத் திறந்து காட்ட வேண்டும், தர மதிப்பீடு வாங்க வேண்டும், தணிக்கையை நேரத்துக்கு முடிக்க வேண்டும். குடிமக்கள் எத்தனையோ ஆண்டுகளாகக் கேட்டும் கிடைக்காத ஒழுங்கை முதலீட்டாளர் ஒரே படிவத்தில் வாங்கிவிடுகிறார். ஆனாலும் சாக்கடைக் குழாய்க்கு இது முதல் தேர்வு ஆகாது. பத்தாண்டுக் காலம் குறைவு, மேலே பார்த்த 1,240 ரூபாய் அங்கிருந்துதான் வருகிறது. இரண்டாவது, தொடக்கத்தில் சொன்ன பிரிவினை. முதலீட்டாளருக்கு உறுதி தரும் சொத்து வரி மாநகராட்சியிடம் இருக்கிறது, சாக்கடை வாரியத்திடம் இருக்கிறது. ஒருவர் வரியை அடகு வைத்து இன்னொருவர் சொத்துக் கட்டுவது சிக்கல். அந்தச் சொத்து வரியும் அண்மைக்காலம் வரை நம்பத்தக்கதாக இல்லை. 1998க்குப் பிறகு 2018இல் உயர்த்தினார்கள், 2019இல் நிறுத்தி வைத்தார்கள், 2022இல் மறுபடி உயர்த்தினார்கள். கால் நூற்றாண்டு உறைந்து கிடந்த வரியை ஒரே அடியில் ஏற்றினால் வலிக்கத்தான் செய்யும்.

அதிகம் பேசப்படாத இன்னொரு வழி தமிழ்நாட்டிலேயே பிறந்தது. தனியாகச் சந்தைக்குப் போக முடியாத சிறு ஊர்கள் ஒன்றாகச் சேர்ந்து கடன் வாங்குவது. 2002இல் அமைந்த நீர் மற்றும் துப்புரவுத் தொகுப்பு நிதியம், பத்துக்கும் மேற்பட்ட உள்ளாட்சிகளுக்காகச் சுமார் 30 கோடி ரூபாயை 15 ஆண்டுக் காலத்துக்குத் திரட்டியது. ஒரு ஊர் தவணை தவறினாலும் தாங்கும்படி சேமிப்பும், அமெரிக்க வளர்ச்சி முகமையின் பகுதி உத்தரவாதமும் பின்னால் இருந்தன. தொகை சிறியது. காலமும் வடிவமும் சாக்கடைக்கு ஏற்றவை. சேர்க்கப்பட்ட பகுதிகளின் திட்டங்களை ஒவ்வொன்றாகக் கொண்டுபோகாமல் எட்டு, பத்தாகக் கட்டி, வாரியத்தின் பெயரில், இந்த மாதிரியில் 20 ஆண்டுக்கு வாங்க வேண்டும் என்பது என் தேர்வு.

எதை எதோடு சேர்ப்பது

அதே 100 கோடிக் கற்பனைப் பகுதிக்குத் திரும்புவோம். அம்ருத் அளவில் கால் பங்கு மானியம் என்றால் 25 கோடி. வீட்டுக்குச் சராசரி 20,000 வைப்புத்தொகை என்றால் 20 கோடி. மீதி 55 கோடி, 8 சதவீதத்தில் 20 ஆண்டுத் தொகுப்புக் கடன். தவணை வீட்டுக்கு மாதம் சுமார் 470 ரூபாய். பழைய நகரத்தின் பங்கு என்று வாரியம் இதில் பாதியை ஏற்றால் 235. அடுக்ககத்தில் லாரிக்குக் கொடுப்பதோடு இதை வைத்துப் பாருங்கள்.

வைப்புத்தொகையை எப்படிப் பிரிப்பது என்று புதிதாக ஆராய வேண்டியதில்லை. 2022 சொத்து வரி உயர்வில் வீடுகளை 600 சதுர அடி வரை, 1,200 வரை, 1,800 வரை, அதற்கு மேல் என்று நான்காகப் பிரித்தார்கள். சேர்க்கப்பட்ட பகுதிகளில் உயர்வு முறையே 25, 50, 75, 100 சதவீதம். அதே படிக்கட்டை எடுத்து 10,000, 20,000, 30,000, 40,000 என்று வைக்கலாம். பதிவேடு கையில் இருக்கிறது, எந்த வீடு எந்தப் படியில் என்ற தகராறும் புதிதாக வராது. சிறிய வீடுகளுக்குப் பன்னிரண்டு மாதத் தவணை தர வேண்டும். வாடகைக்கு விட்டிருக்கும் வீட்டில் வைப்புத்தொகை உரிமையாளருடையது, குடியிருப்பவரிடம் வாங்கக் கூடாது என்று விதியிலேயே எழுத வேண்டும். எழுதாவிட்டால் அடுத்த மாதமே வாடகையில் ஏறிவிடும். மணலி போன்ற பகுதிகளில் முதல் படிக்கு வைப்புத்தொகையே வேண்டாம் என்று முடிவெடுத்தாலும் நான் ஆதரிப்பேன். அங்குள்ளவர்கள் இந்த நகரத்தின் ஆலைப் புகையையும் குப்பையையும் ஏற்கெனவே சுமந்துகொண்டிருக்கிறார்கள்.

கடனை அடைக்க இன்னொரு வருமானமும் கண்ணுக்கு முன் ஓடிக்கொண்டிருக்கிறது. சுத்திகரித்த கழிவுநீரை 1990களிலிருந்தே மணலியின் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையும் உர ஆலையும் வாங்கிவருகின்றன. 2019இல் கொடுங்கையூரிலும் கோயம்பேட்டிலும் நாளுக்கு 4.5 கோடி லிட்டர் வீதம் மூன்றாம் நிலைச் சுத்திகரிப்பு ஆலைகள், அதாவது கழிவுநீரைத் தொழிற்சாலைக்கு ஏற்ற அளவுக்குத் தூய்மையாக்கும் ஆலைகள், வந்தன. ஒன்று வடக்கே ஆலைகளுக்கும் மற்றொன்று ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கத்துத் தொழிற்பேட்டைகளுக்கும் நீர் அனுப்புகிறது. இன்று லாரியில் ஏறி எங்கோ ஓர் ஏரிக்கரையில் கொட்டப்படும் கழிவு, குழாயில் வந்தால் விற்கக்கூடிய சரக்கு. அந்த விற்பனைப் பணத்தில் ஒரு பங்கு இந்தக் கடனுக்கு என்று கடன் ஒப்பந்தத்திலேயே ஒதுக்க வேண்டும். பொதுக் கணக்கில் போய்ச் சேர்ந்தால் கரைந்துவிடும்.

குழாயும் நிலையமும் வாரியத்தின் சொத்தாகவே இருக்க வேண்டும். சுத்திகரிப்பு நிலையத்தை வடிவமைத்துக் கட்டிப் பத்தாண்டு இயக்க ஒரே ஒப்பந்ததாரரை அமர்த்தலாம், பணம் அவர் போடக் கூடாது. கட்டுபவரே இயக்க வேண்டும் என்றால் மட்டமான மோட்டாரை மாட்டிவிட்டுப் போக மாட்டார்.

முடிவை யார் எடுப்பது என்பது மிச்சமிருக்கிறது. 2016 அக்டோபரிலிருந்து 2022 பிப்ரவரித் தேர்தல் வரை சென்னையில் தேர்ந்தெடுக்கப்பட்ட மாமன்றமே இல்லை. தனி அதிகாரிதான் எல்லாம். அந்த ஐந்து ஆண்டுகளில் எடுத்த நிதி முடிவுகளைப் பற்றி யாரிடம் போய்க் கேட்பது? இப்போது மாமன்றம் இருக்கிறது, வார்டு குழுக்களும் பகுதி சபைகளும் சட்டத்தில் இடம்பெற்றுவிட்டன. தெருவிளக்கு, குப்பைத் தொட்டி என்று மட்டும் பேசிக் கலையாமல், இந்தச் சபைகள் வைப்புத்தொகைத் தீர்மானத்தை வாக்கெடுப்புக்கு எடுக்கலாம். ஒரு பகுதியில் மூன்றில் இரண்டு பங்கு வீடுகள் ஒப்புக்கொண்டு முதல் தவணை கட்டிய பிறகே கடனுக்குக் கையெழுத்து, கடன் வந்த பிறகே தோண்டல். பணம் தனிக் கணக்கில், மாத இருப்பு வார்டு அலுவலகப் பலகையில். பதினெட்டு மாதத்துக்குள் வேலை தொடங்காவிட்டால் வட்டியோடு திருப்பித் தர வேண்டும்.

அடுத்த பகுதி சபைக்குப் போகிறவர்கள் தங்கள் பகுதித் திட்டத்தைப் பற்றி மூன்று எண்களை எழுத்தில் கேட்டு வாங்கலாம்: வீட்டுக்கு ஆகும் மொத்தச் செலவு, கடனின் காலம், ஒரு வீடும் இணைப்பு வாங்காவிட்டாலும் யாருக்காவது கட்ட வேண்டிய தொகை. மூன்றாவது எண் பூஜ்யமாக இல்லாத ஒப்பந்தத்தைப் பகுதி மக்கள் முழுதாகப் படித்துப் பார்க்கும் வரை தீர்மானத்துக்குக் கை தூக்க வேண்டியதில்லை.